இருபத்தொரு தட்டு

என் உயிர் லூர்துவுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவேன். ஆனால் அங்கே ஊரே கூடியிருக்கும். கூட்டத்தில் எனக்குப் பேச வராது, அழுகைதான் வரும். இது அழுதுகொண்டே சொல்லுகிற சேதி இல்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

சேதியை முதலிலேயே சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் நீ மீதியைக் கேட்க மாட்டாய், எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். பொறுமையாக உட்கார்ந்து கேள். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஸ்டெல்லா வயிற்றில் இருக்கிற பிள்ளை ஒருநாள் இதைப் படிக்கும். அதற்கும் புரிய வேண்டும் அல்லவா?

ஆமாம், லூர்து. உன் மகள் ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

நீ மாசி மாதம் போனாய். காலையில் கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், மத்தியானம் நீ இல்லை. பதினெட்டு வருஷம் விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தோம். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்குப் பிசிறு சீவுகிறவள் நான். கிளேஸில் முக்கி எடுக்கிறவள் நீ. சூளையிலிருந்து வெளியே வரும்போது பொம்மை கண்ணாடி மாதிரி மின்னுமே, அந்த மினுமினுப்பு உன் கை வேலை. உன் இடத்தில் இப்போது வேறு ஒருத்தி நிற்கிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வீடும் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. பின்னால் உன் தோட்டம், என் தோட்டம், நடுவில் ஒரு வேலி, வேலியில் ஒரு படல். அந்தப் படலை நாம் என்றைக்காவது மூடியிருக்கிறோமா? உன் பக்கத்து நார்த்தை, என் பக்கத்து மா. உன் சுண்டை, என் முருங்கை. உன் வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீர் என் வாழைக்குப் பாய்ந்தது. சித்திரை வெயிலில் வடகம், ஆனியில் மாங்காய், ஆடிக் காற்றில் மிளகாய், மார்கழிப் பனியில் அவரை என்று அந்தந்த மாதம் கொடுத்ததைத் தின்றோம், மிச்சத்தைக் காயவைத்தோம். கடைக்குப் போனால் உப்பு, எண்ணெய், உளுந்து. அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் கேக் கொடுக்கும்போது நீ தாளிப்பு வடகத்தை உருண்டை பிடித்து, பூப் போட்ட தாளில் சுற்றிக் கொடுப்பாய். “கிறிஸ்மஸுக்கு வடகம் குடுக்கற ஒரே வேதக்காரி நீதான்டி” என்று நான் சிரிப்பேன். “கேக்கு நாளைக்குக் கெட்டுப்பூடும். என் வடகத்தைத் தாளிக்கறப்பல்லாம் ஏசு பொறப்பாரு” என்பாய். எங்கே இருந்துதான் வருமோ உனக்கு அந்தப் பேச்சு.

நீ போன பிறகு மூன்று மாதம் நான் படலைத் தாண்டவில்லை. நார்த்தை காய்த்து, பழுத்து, விழுந்து, மண்ணிலேயே அழுகியது. அந்த வாசனை என் அடுப்படி வரைக்கும் வந்தது. எனக்கு உன் மேல் கோபம். மரத்தின் மேலும் கோபம். நீ இல்லாமல் அது மட்டும் எதற்குக் காய்க்க வேண்டும்?

வைகாசியில் திட்டக்குடியிலிருந்து ஸ்டெல்லா போன் செய்தாள். “சித்தி, ரெண்டு மாசம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இந்தச் சேதியை முதலில் உன்னிடம்தானே சொல்லியிருப்பாள்? போனை வைத்தேன். நேராகப் போய்ப் படலைத் திறந்தேன். முட்டி உயரம் புல். விழுந்து கிடந்ததை எல்லாம் வாரிக் குழியில் போட்டேன். மரத்தில் மிச்சம் இருந்ததைப் பறித்தேன். அன்றைக்கு ஆரம்பித்த வேலை இன்னும் ஓயவில்லை.

ஆனியில் திட்டக்குடிக்குப் போனேன். உன் சம்பந்தி, ஸ்டெல்லாவின் மாமியார் ஆரோக்கியம் நல்லவர்தான், நீயே சொல்லுவாய். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். நான் வளைகாப்புப் பேச்சை எடுத்தேன். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான், வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவதுதான் முறை. அதைத்தான் சொன்னேன்.

“வளகாப்பு வெக்கலாம்னுதான் இருக்கறோம்” என்றார் அவர். “ஆனா யாரு வந்து செய்வாங்க? பாவம், அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. நாங்களே சோறு போட்டு வளையல் போட்டுட்டு, பிரசவத்தையும் இங்கயே பாத்துக்கறோம்.”

“மொத பிரசவம் அம்மா வூட்டுலதானங்க?”

“அம்மா வூடு பூட்டித்தான கெடக்குது?”

“நான் இருக்கறேங்க.”

“நீங்க பக்கத்து வூடு. கோவிச்சிக்காதீங்க, நீங்க வேற சாமி கும்புடறவங்க வேற. நாளைக்கு எங்க ஜனங்க கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?”

“சாமி வேறதாங்க. தோட்டம் ஒண்ணுதான்” என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் வாயில் அதுதான் வந்தது.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “அப்ப அம்மா வூட்டு மொறையா சீரு கொண்டாங்க. வர்றவங்க பாத்து, பொண்ணுக்கு ஆளு இருக்குதுன்னு சொல்லணும். அப்புடிக் கொண்டாந்தா நானே அனுப்பி வெக்கறேன்.”

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. “இருபத்தொரு தட்டு கொண்டாரேங்க. ஒண்ணு கூட கடையில வாங்கினதா இருக்காது.”

ஸ்டெல்லா என்னை பஸ்ஸு ஏற்றிவிட வந்தாள். “இங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க சித்தி, கொற சொல்லக் கூடாது” என்றாள். பிறகு, “ஆனா வலி வந்தா நான் யாரைக் கூப்புட்டுக் கத்துவேன்?” என்றாள். பஸ்ஸு வந்துவிட்டது. பெண்ணாடம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்தார்.

“இருபத்தொண்ணா? நம்ம கல்யாணத்துக்கே உங்க அப்பா ஏழு தட்டுதான வெச்சாரு?”

“அதுலயும் ஒண்ணு காலித் தட்டுய்யா. மேல துணி போட்டு மூடியிருந்தாங்க” என்றேன். இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அது அவருக்குத் தெரியும்.

குவைத்தில் இருக்கிற உன் தம்பிக்கும் போன் போட்டேன். தாய்மாமன் அல்லவா? லீவு கிடைக்காது என்று அழுதான். “அக்கா இருந்தா செய்யறத நீங்க செய்யுங்கக்கா” என்றான். சரி, தாய்மாமன் வாக்கு கிடைத்தாயிற்று என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பட்டறை விட்டால் தோட்டம், தோட்டம் விட்டால் பட்டறை. கொத்தவரையைக் கூடுதலாக இரண்டு பாத்தி போட்டேன். சுண்டையைத் தட்டி மோரில் ஊறவைத்தேன். மணத்தக்காளி காயாக ஒரு கூடை, கத்தரியைக் கீறி ஒரு கூடை. சின்ன வெங்காயம் நறுக்கி, உளுந்து அரைத்து, நீ பிடிக்கிற மாதிரியே உருண்டை பிடித்து, விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். முருங்கைக் கீரையையும் கருவேப்பிலையையும் நிழலில் காயவைத்துப் பொடித்தேன். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியப் பொடி தனியாக இடித்தேன். பட்டறைக்குப் போகிற நேரத்தில் காக்காய் வராமல் இருக்க, வத்தலுக்கு நடுவில் உன் சிவப்புப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டுப் போவேன். காக்காய் வரவில்லை. நீ காவல் இருந்தாய் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எதில் வைத்துக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டு இருந்தபோது முதலாளி கூப்பிட்டார். ஏதோ ஒரு ஓட்டலுக்கு அலங்காரத்துக்குச் செய்த ஜாடிகள், ஆர்டர் எடுக்க ஆள் வரவில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போ என்றார். நீலப் பூப் போட்ட ஜாடி, மூடியோடு. எண்ணினேன். இருபத்தொன்று. வீட்டுக்காரர் வண்டியில் மூன்று நடை அடித்து வீட்டில் இறக்கினார்.

புரட்டாசியில் ஒன்பது ஜாடியில் ஊறுகாயை நிரப்பினேன். உப்பு நார்த்தை மூன்று, எலுமிச்சை மூன்று, எண்ணெய் மாங்காய் மூன்று. வாயைத் துணியால் கட்டி உன் வீட்டு நடுக் கூடத்தில் வரிசையாக வைத்தேன். கோயில் மாதிரி இருந்தது. தினமும் போய்ப் பார்ப்பேன்.

பத்தாம் நாள் கூடத்தைத் துடைக்க ஒரு ஜாடியைத் தூக்கினேன். அடியில் தரையில் வட்டமாக ஈரம். அடுத்ததைத் தூக்கினேன், அங்கேயும் வட்டம். மாங்காய் ஜாடியின் கீழே எண்ணெய். நார்த்தை ஜாடியின் இடுப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் தொட்டேன், நீலப் பூ செதிலாகக் கையோடு வந்தது.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். அலங்கார ஜாடிக்கு வெளியில் மட்டும்தான் கிளேஸ் போடுவார்கள். உள்ளே வெறும் சுட்ட மண். தண்ணீரைக் குடிக்கும், உப்பைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்கும். பதினெட்டு வருஷம் பீங்கான் பட்டறையில் இருக்கிறவள், ஜாடிக்கு உள்ளே ஒரு விரல் விட்டுத் தடவிப் பார்த்தேனா? வெளியில் இருந்த பூவைப் பார்த்து மயங்கி நின்றேன். நீ இருந்திருந்தால் கையில் வாங்கின உடனே உள்ளே விரல் விட்டிருப்பாய். “ஏண்டி, இது பூ வெக்கற ஜாடிடி. ஊறுகாய்க்கு ஆகாது” என்று சொல்லியிருப்பாய். சொல்ல நீ இல்லை. அந்த ஒன்பது வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஊறுகாய்க்காக இல்லை, லூர்து. நீ இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகத் தெரிந்தது.

வளைகாப்புக்குப் பதினாறு நாள் இருந்தது. வெளியில் மழை பிடித்துக்கொண்டது.

“ஆரோக்கியம்மாகிட்ட சொல்லி, பத்துப் பன்னெண்டோட முடிச்சிக்கலாம். யாரு எண்ணப் போறா?” என்றார் வீட்டுக்காரர்.

“அவங்கதான் எண்ணுவாங்க. நான் இருந்தாலும் எண்ணுவேன்” என்றேன்.

மறுநாள் சூளைக்காரரிடம் ஒரு ஜாடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே கிளேஸ் ஊற்றி மறுபடி சுடலாமா என்று கேட்டேன். உப்பு ஏறின ஜாடி வெடித்துவிடும், நல்ல ஜாடியைச் சுட்டால் பூ கலைந்து ஓடிவிடும் என்றார். சரி, ஜாடி அப்படித்தான். அப்படி என்றால் உள்ளே போவதைத்தான் மாற்ற வேண்டும். ஈரம் இல்லாதது எதுவோ அது போகட்டும். பன்னிரண்டு ஜாடி நன்றாக இருந்தது. வத்தலும் வடகமும் பொடியும் அதில் போட்டேன்.

ஜாடியை விட்டு எடுத்த ஊறுகாய்? மாங்காயையும் எலுமிச்சையையும் தூக்குவாளியில் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மத்தியானக் கஞ்சிக்குப் பெண்கள் எல்லாம் கை நீட்டினார்கள். எதற்குப் போட்டது, எப்படி வீணானது என்று கதை கேட்டார்கள். சிரித்தார்கள். “பீங்கான் ஊருல பொறந்துட்டு ஜாடி பாக்கத் தெரியல, இவ சீரு கொண்டு போறாளாம்” என்றாள் வர்ணம் அடிக்கிற காசியம்மாள். தின்று முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “தட்டுத் தூக்க ஆளு வெச்சிருக்கறியா?” என்று அவள்தான் கேட்டாள்.

நார்த்தையை மட்டும் விட மனசு வரவில்லை. அது உன் மரம். வெயில் இல்லை, நன்றாகக் காய்ந்தால்தான் தட்டில் வைக்க முடியும். சூளை அணைந்து ஆறுகிற மூன்று நாளும் அதைச் சுற்றி இருக்கிற அறை வெதுவெதுவென்று இருக்கும், அச்சுகளை அங்கேதான் காயவைப்போம். முதலாளியிடம் போய் நின்றேன்.

“இது சூளையா, ஒன் அடுப்படியா?” என்றார்.

“மூணே நாளுங்க. ஓரமா வெச்சிக்கறேன்.”

“பொம்மையெல்லாம் நார்த்தங்கா நாத்தம் அடிச்சா?”

“ஒங்களுக்கு ரெண்டு எடுத்து வெக்கறேங்க.”

“நாலா வெய்யி” என்றார்.

அந்த மூன்று நாள் சூட்டில் நார்த்தை சுருண்டு கறுத்துக் காய்ந்தது. உன் வீட்டு ஓலைப்பெட்டியில் போட்டேன். பதின்மூன்று தட்டு ஆயிற்று. இன்னும் எட்டு.

எட்டுக்கு எங்கே போவது? மழை விட்ட ஒரு காலையில் உன் பக்கம் நின்றேன். தரையெல்லாம் பச்சை. சுண்டைக்கு அடியில் தானாக முளைத்த சுண்டைக் கன்று. அழுகி விழுந்த நார்த்தையை வாரிப்போட்ட குழியில் நார்த்தைக் கன்று. கருவேப்பிலையின் பக்கக் கன்று, மணத்தக்காளி, தூதுவளை. நான் ஒன்றும் போடவில்லை லூர்து, நீ போனதற்கு அழுதுகொண்டு இருந்த நாளில் விழுந்த விதைகள் அவை. தேங்காய்த் தொட்டியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஒவ்வொன்றாக வைத்தேன். எட்டுத் தொட்டி. சீர்த் தட்டில் செடி வைப்பார்களா? எனக்குத் தெரியாது. எங்கேயும் பார்த்ததில்லை. வைத்தேன்.

வளைகாப்பு அன்றைக்குக் காலையில் தூறல். பட்டறைப் பெண்கள் பத்துப் பேர், நான், வீட்டுக்காரர். சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் மடியில் ஒன்று, காலடியில் ஒன்று என்று தட்டோடு உட்கார்ந்தோம். “என்னம்மா, கோயிலு தேரா?” என்றார் கண்டக்டர். “ஆமாங்க, நீங்கதான் வடம் புடிக்கணும்” என்றாள் காசியம்மாள்.

திட்டக்குடியில் இறங்கி, தட்டுக்கு மேல் துணி போட்டு, தெருவில் வரிசையாக நடந்தோம். நான் வளையலை எடுத்துக்கொண்டு முன்னால் போக, பெண்கள் பத்துப் பேரும் ஆளுக்கு இரண்டு கையிலும் இரண்டு தட்டு தூக்கி வந்தார்கள். கடைசித் தட்டை வீட்டுக்காரர் தூக்கி வந்தார், வெட்கப்பட்டுக்கொண்டே. ஜன்னலில் எல்லாம் முகம். ஆரோக்கியம் வாசலுக்கு வந்தார். எண்ணினார். உதடு அசைந்தது, நான் பார்த்தேன்.

நடுக் கூடத்தில் பாய் விரித்து அடுக்கினோம். துணியை எடுத்ததும் அவர்கள் சொந்தத்தில் ஒரு அம்மாள் மூக்கில் விரல் வைத்தார்.

“என்னாது, தட்டுல மண்ணு? பீங்கான் ஊருலேர்ந்து வந்தவங்க மண்ணைத்தான கொண்டாருவாங்க!”

நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. காசியம்மாள் வாயைத் திறக்கப் போனாள், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆரோக்கியம் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு ஜாடியின் மூடியைத் திறந்தார். கொத்தவரை வத்தல் ஒன்றை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார். படக்கென்று சத்தம். இன்னொன்று எடுத்தார். அதுவும் படக்.

“மழ புடிச்சி பதினஞ்சி நாளாவுது” என்றார். “எங்க வூட்டு வத்தலு டப்பாவுல இருந்துமே நமத்துப் போச்சி. இது எப்புடிங்க?”

“ஜாடி உள்பக்கம் வெறும் மண்ணுங்க. ஈரத்த எல்லாம் அது குடிச்சிக்குது.” இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எது என்னை அழவைத்ததோ அதையே நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

வடகத்தை மோந்தார், பொடியை நாக்கில் வைத்தார், ஓலைப்பெட்டியைத் திறந்து நார்த்தையைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். சிரித்த அம்மாளும் வந்து கிள்ளினார், இரண்டு தடவை.

பிறகு ஆரோக்கியம் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். “இது என்னா கன்னு?”

“நார்த்தைங்க. லூர்து வெச்ச மரத்துக் கன்னு. எட்டும் அவ தோட்டத்துல மொளச்சதுதான். ஸ்டெல்லா இருக்கற எடத்துல அவ அம்மா தோட்டமும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்.”

“மணத்தக்காளி எப்பக் காய்க்கும்?”

“ஒங்க பேரப்புள்ளய தூக்கிக்கிட்டு மருமவ திரும்பி வர்றப்ப காய் இருக்கும்ங்க.”

ஆரோக்கியம் எழுந்து கூட்டத்தைப் பார்த்தார். “இருபத்தொரு தட்டு. எண்ணிட்டேன்” என்றார். என்னைப் பார்த்து, “அம்மா வூட்டுக்காரங்க முன்னாடி வாங்க. மொத வளையலு நீங்க போடணும், சம்மந்தி” என்றார்.

சம்மந்தி! உன் பட்டம் லூர்து, எனக்குக் கிடைத்தது.

வேப்பங்குச்சியை வளைத்து நான் கட்டிக்கொண்டு போன காப்பை முதலில் போட்டேன். பிறகு கண்ணாடி வளையல். “இது கடையில வாங்குனதுதான?” என்று காதில் கேட்டார் ஆரோக்கியம். “ஆமாங்க, கண்ணாடிக்கு எங்க தோட்டத்துல செடி இல்லீங்க” என்றேன். சத்தம் போட்டுச் சிரித்தார். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு உன் சிரிப்பு, தெரியுமா? அடி உதட்டைக் கடித்துக்கொண்டு வருகிற அதே சிரிப்பு.

இதோ சேதி, கடைசியில் சொல்லுகிறேன் என்றேனே. உன் மகள் வந்துவிட்டாள். இப்போது உன் வீட்டில், உன் கட்டிலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானத் தூக்கம் தூங்குகிறாள். நான் உன் வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் பேர் பதிந்தாயிற்று. காலையில் மணத்தக்காளிக் கீரைக் கூட்டு, மத்தியானம் நார்த்தங்காயும் மோர்ச் சோறும். மூன்று தட்டுச் சோறு தின்கிறாள். பட்டறைப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆரோக்கியம் நேற்றுக் கூட போன் செய்தார். தூதுவளை துளிர் விட்டிருக்கிறதாம், நார்த்தைக் கன்றுக்கு மாட்டுச் சாணம் போடலாமா என்று கேட்டார். மருமகளைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

வருத்தம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. வெங்காயம் உரிக்கும்போது வருகிறது, பட்டறை மணி அடிக்கும்போது வருகிறது. ஆனால் அது இப்போது என் கையைக் கட்டிப்போடுவதில்லை. அது பாட்டுக்கு வருகிறது, நான் பாட்டுக்கு நறுக்குகிறேன்.

நாளைக்கு ஸ்டெல்லாவும் வருகிறேன் என்கிறாள். மழை இல்லை என்றால் அழைத்து வருவேன். மெதுவாகத்தான் நடப்பாள், நீ காத்திரு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிள்ளை பிறந்து மூன்று மாதம் இங்கேதான் இருக்கும். குளிப்பாட்டுவது நான், மருந்து அரைப்பது நான், ராகம் தெரியாவிட்டாலும் தாலாட்டுவது நான். உன் வீட்டை இனிமேல் பூட்ட மாட்டேன். ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி, மண்ணில் கால் ஊன்றி நிற்கிற அன்றைக்கு அதன் கையில் ஒரு பிடி அவரை விதை கொடுப்பேன். எங்கே வேண்டுமானாலும் எறியட்டும். விழுந்த இடத்தில் பந்தல் போடுகிறேன்.

உன் மகளுக்கு அம்மா வீட்டுக்காரி,
உன் பேரப்பிள்ளைக்கு ஆயா,
உன் அஞ்சலை